எதிர்வீட்டுக்காரரின் கால்

மின்சாரக் கார் வாங்கி நாற்பது நாள்கூட ஆகவில்லை. பெங்களூரு அடுகோடியில் எங்கள் சந்து குறுகலானது. கேட்டைத் திறந்து காரை வெளியே எடுத்தால், முன்பக்கம் எதிர்வீட்டு வாசலைப் பார்த்து நிற்கும். அன்று காலை பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. கை பிரேக்கை இழுத்துவிட்டு கேட்டைச் சாத்த இறங்கினேன். பதினெட்டு வருடம் பெட்ரோல் கார் ஓட்டியவள் நான். வண்டி உறுமவில்லை என்றால் அணைந்துவிட்டது என்றுதான் என் உடம்புக்குத் தெரியும்.

கொண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினால், கார் போய்க்கொண்டிருந்தது.

ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறவர். தன் ஸ்கூட்டருக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு, தலையைக் குனிந்து சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருந்தது?

கத்த வாயைத் திறந்தேன்; குரல் வரவில்லை. ஓடிப்போய்க் காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கதவைத் திறந்து பிரேக்கை மிதிக்கலாம் என்று தோன்றவேயில்லை. ஸ்கூட்டர் அவர்மேல் சாய்ந்தது. கார் அவர் வீட்டுப் படியில் முட்டி நின்றது. அவருடைய கணுக்கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டதாக இன்றும் நினைக்கிறேன். அப்படி ஒரு சத்தமே வரவில்லை என்கிறார் அவர்.

"என்னா ஆச்சு டீச்சர்?" வலியில் முகம் கோணக் கேட்டார்.

"ஹேண்ட்பிரேக் ஸ்லிப் ஆயிடுச்சு."

யோசிக்காமல் வந்த பதில். காரைப் பின்னால் எடுக்க உள்ளே ஏறியபோதுதான் பார்த்தேன். திரையில் பச்சையாக 'டி' என்ற எழுத்து. முன்னே ஓட்டும் நிலையிலேயே வண்டியை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

அவர் நம்பினார். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவரைப் பார்க்கப் போனபோதெல்லாம் எனக்காகக் கோபப்பட்டார். "புது வண்டி டீச்சர்! கார் கம்பெனிக்காரங்கள சும்மா விடாதீங்க. நானே வந்து கேக்குறேன்." வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வாரம் ஊன்றுகோலோடு, அதே காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து சர்வீஸ் சென்டருக்கு வந்துவிட்டார். உள்ளே நுழைந்ததும் எனக்காக அவர்தான் சத்தம் போட்டார்.

இன்ஜினியர் பெண் ஒரு லேப்டாப்பைக் காரோடு இணைத்துப் பார்த்தார். கார் இதையெல்லாம் பதிந்து வைக்கும் என்று எனக்குத் தெரியாது.

"பிரேக்குக்கு ஏனூ ஆகலை மேடம், நல்லாத்தான் இருக்கு," என்றார் கன்னடம் கலந்த தமிழில். "கார் டி-லயே இருந்துச்சு. ஹேண்ட்பிரேக் அரைதான் போட்டிருக்கீங்க. பெல்ட் எடுத்தது, டோர் திறந்தது, எல்லாம் டைமோட இருக்கு."

எதிர்வீட்டுக்காரர் பக்கம் திரும்பவே முடியவில்லை.

ஆட்டோவில் போகிறேன் என்று சொல்வார் என நினைத்தேன். காரிலேயே ஏறினார். ஓசூர் ரோடு நெரிசலில் நின்று நின்று போனோம். ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டார்:

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா டீச்சர்?"

"மொதல்ல தெரியாது. வண்டிய பின்னாடி எடுக்கும்போது பாத்தேன்."

"அன்னைக்கேவா?"

"ஆமா. மன்னிச்சிடுங்க."

"கால் ஒடஞ்சது விடுங்க. நானும் டிரைவர்தான், மறதி யாருக்கும் வரும். ஆனா நான் அங்க வந்து, உங்களுக்காக அவ்ளோ பேரு முன்னாடி..." முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கால் சரியாகிவிட்டது. இப்போதும் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். நான் கார் சாவியோடு வெளியே வந்தால் மட்டும், வாசலில் விளையாடும் தன் மகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிறார். முதல் முறை அதைப் பார்த்தபோது கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இப்போது அந்தக் கதவு சாத்தும்வரை காத்திருந்து, பிறகுதான் காரில் ஏறுகிறேன்.