லூக்கை நான் விட்டுவிட்டு வந்தது

1. சிதறிய ஒத்திகை

பக்கவாத்தியக்காரருக்கு முதல் பாடம், பாடுகிறவர் விழுந்தால் நாமும் கூடவே விழ வேண்டும் என்பதுதான். பாடகி தாளத்தில் ஒரு எண்ணிக்கை தவறினால் வயலின்காரி சத்தமில்லாமல் அவளோடு தாவிவிடுவாள். சபைக்கு ஒன்றும் தெரியாது. மொன்றியல் அரங்கேற்றங்களில் நான் இப்படிக் காப்பாற்றிக்கொடுத்த மானம் கொஞ்சமல்ல.

அந்தக் கெட்டித்தனத்தோடுதான் சுகன்யா என்ற தமிழ்ப் பிள்ளையின் கன்சோர்ட்டுக்குப் போனேன். ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் கால இசையை வாசிக்கிற சின்னக் குழு அது. மூன்று வியோல்கள், வயலினுக்குத் தூரத்து உறவு, காலிடுக்கில் நிறுத்தி வாசிப்பது. சுகன்யா கீழ்க்குரலான பாஸ். லூக் என்ற கியூபெக்காரர் மேல்குரலான ட்ரெபிள். நடுக்குரலான டெனர் வாசித்தவர் ஊர் மாறிப் போக, வியோல் பழகிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாள். ஒரு கச்சேரி பார்ப்பது, சரிவந்தால் நிரந்தரம் என்பது பேச்சு. எனக்கு அந்த இடம் வேண்டும். வாசித்த வர்ணத்தையே வாசித்து அலுத்துப்போயிருந்தேன்.

நகரின் வடக்கே அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் ஒத்திகை. லூக் ஒரு மெட்டைத் தொடங்கினார். சற்றுப் பின்னால் அதே மெட்டை நான் எடுத்தேன், பிறகு சுகன்யா. இதில் யார் பெரியவர் என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. நடுவில் லூக் ஒரு எண்ணிக்கை முந்திவிட்டார். பழக்கதோஷம், நானும் தாவினேன். எல்லாம் சிதறிப்போயிற்று.

"ஏன் அன்ரி பாய்ஞ்சனீங்கள்?" என்றாள் சுகன்யா.

"அவர் பிழைச்சிட்டார், பிள்ளை. விட்டிட்டு வாறதே?"

"ஓம், விட்டிட்டுத்தான் வரவேணும். உங்கட லைனைக் கேட்டுத்தான் நான் போறன். நீங்களும் போனா, அவர் பேந்து ஆரிட்டைத் திரும்பி வாறது?"

இதைத்தான் கவுண்டர்பாயிண்ட் என்கிறார்கள். ஒவ்வொரு குரலும் தன் வழியில் போகும். போய்க்கொண்டே மற்றதைத் தாங்கும். தலைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. வீட்டில் பழகும்போது என் கணவரைப் பக்கத்தில் இருந்து பிழையாகத் தாளம் தட்டச் சொன்னேன்.

"ஒருநாளும் எனக்கு ஒத்துப்போகாத ஆளெல்லே நீர்," என்றார். "உமக்கு இது லேசு."

2. கச்சேரி

அதே இடத்தில் லூக் மறுபடியும் முந்தினார். அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன். எனக்கு மனம் கேட்கவில்லை. பாவி, ஒரு மனிதரை நட்டாற்றில் விடுகிறாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டு, என் எண்ணிக்கையிலேயே நின்றேன்.

லூக் வில்லை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். மெட்டு என் கைக்கு வந்தது. பக்கவாத்தியக்காரியாகத் தணித்து வாசிக்காமல், நன்றாகக் கேட்கும்படி வாசித்தேன். அதைப் பிடித்துக்கொண்டு அவர் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தார். இங்கும் சபைக்கு ஒன்றும் தெரியாது.

முடிந்ததும் லூக் வந்து "மெர்சி" என்றார். நான் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றேன், என் அரைகுறைப் பிரெஞ்சில். அதற்குத்தான் நன்றி என்றார்.

"செவ்வாய்க்கிழமை ஒத்திகை, அன்ரி. பிந்தாதேங்கோ," என்றாள் சுகன்யா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அரங்கேற்றங்களில் இப்போதும் பாடகியோடு தாவத்தான் செய்கிறேன். கூடப் போயும் ஒருவரைக் காப்பாற்றலாம், நின்ற இடத்தில் நின்றும் காப்பாற்றலாம். எந்த மேடையில் எது என்று தெரிந்துகொள்வதுதான் தொழில்.

என் கணவர் மட்டும் யாரும் கேட்காமலே இன்னும் பிழையாகத் தாளம் தட்டுகிறார். நான் தாவுவதில்லை.