நீட்டிய கைக்கு எத்தனை மடங்கு

பாரிஸில் கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நீண்ட சுவரோரமாக நாங்கள் இரண்டு பேரும் நடந்து கொண்டிருந்தோம். ஆரோக்கியசாமி ஐயாவின் கக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் அன்று காலை அவர் வாங்கிய கைத்துப்பாக்கி ஸ்கோப், குறியைப் பெரிதாக்கிக் காட்டும் குழல். என் தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு சோடிச் சப்பாத்தும். எனக்கு வேலை போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"மெதுவா நட தம்பி," என்றார் ஐயா. "வேல போனவனுக்கு என்ன அவசரம்?"

அவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார். அந்த ஸ்கோப்பை அவருக்கு விற்றவன் நான். அதைச் சரியாக விற்றதற்காக எனக்குக் கிடைக்கவேண்டிய ஒப்பந்தம், அதை விற்பதற்காக நான் செய்த வேறொரு காரியத்தால் கிடைக்காமல் போனது. கடை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

1. பெட்டி அடுக்கியவன்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிரான்சில் பாத்திரம் கழுவியிருக்கிறேன், தெற்கே பீச் பழம் பிடுங்கியிருக்கிறேன், ஆர்ஜொந்தெயில் சுவருக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன். ஓரிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. சில இடங்களில் அவர்கள் அனுப்பினார்கள், சில இடங்களில் நானே கிளம்பினேன்.

அப்போது வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் இருந்தேன். வேட்டைச் சாமான் விற்கும் கடை ஒன்று இடம் மாறியது. அதன் பெட்டிகளை நான் மேலே எழுதியிருந்த எண்களைப் பார்த்து வரிசையாக அடுக்கினேன். முதலாளி முசியே பஸ்கால் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உனக்கு ஸ்கோப் பத்தித் தெரியுமா?"

"தெரியாது."

"பிறகு எப்பிடி நாலு மடங்கு, ஆறு மடங்கு, எட்டு மடங்கு எண்டு பிரிச்சு வச்சாய்?"

"பெட்டியில எழுதியிருக்கே."

அவர் பேசியது பிரெஞ்சு. எனக்கு வருகிற பேச்சில் எழுதுகிறேன். அவர் அந்த வாரமே என்னைக் கேட்டு எடுத்தார். துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன். நான் வந்த ஊரில் அதைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன். "தொடவே வேண்டாம், சட்டமும் விடாது. உனக்குக் கண்ணாடி அலுமாரி மட்டும்தான்," என்றார்.

இரண்டு மாதம் சோதனைக் காலம். அது முடிந்தால் நிரந்தர ஒப்பந்தம். எங்கள் ஆட்கள் அதைச் செதேஇ என்று சொல்வார்கள். என் விசா புதுப்பிக்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் செதேஇ இருந்தால் விசா கொடுக்கும் பிரிபெக்சர் அலுவலகத்தின் யன்னலுக்கு முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம். வில்லியே லே பெல்லில் என்னோடு அறையில் இருந்த மூன்று பேரும் ஒவ்வொரு மாலையும் கேட்பது ஒன்றுதான்: "கைச்சாத்து வச்சிட்டாரோ?"

2. இரண்டு மடங்கா, எட்டு மடங்கா

சோதனைக் காலத்தின் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, ஆரோக்கியசாமி ஐயா வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"தம்பி, பிஸ்தோலேல மாட்டுற ஸ்கோப் வேணும். இருக்கறதுலயே பெருசா எது?"

பிரான்சில் கைத்துப்பாக்கியால் வேட்டையாட அனுமதி இல்லை. ஆகவே அதற்கான ஸ்கோப்பை எங்கள் கடையில் யாரும் கேட்பதில்லை. அவருடைய மகன் டெக்சாசில் இருக்கிறான். அங்கே அனுமதி உண்டு. ரிவால்வரில் ஸ்கோப் மாட்டிக் காட்டுப்பன்றி சுடுகிறான். அடுத்த மாதம் ஐயா போகிறார்.

"மகனே அங்கை வாங்கலாமே ஐயா?"

"அவனும் அதான் சொல்றான். அதுக்காக வெறுங்கையோட போய் நிக்கவா? ஒருநாள் நீங்க சுடுங்க பப்பான்னு சொல்லியிருக்கான். எட்டு மடங்கு இருந்தா குடு. பத்து இருந்தா இன்னும் நல்லது."

பேசும்போது அவருடைய வலது கை மெல்ல நடுங்கியது. அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் அலுமாரியிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "என்னாப்பா இது, கருப்பா இருக்கு. நடுவுல மூக்குத்திக் கல்லு மாதிரி ஒரு வெளிச்சம்."

நான் வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. நான் கொடுத்தது நீளத் துப்பாக்கிக்கான ஸ்கோப். அதில் கண் ஒரு சாண் தூரம்கூடத் தள்ளி இருக்கக்கூடாது. கைத்துப்பாக்கியை நீட்டிப் பிடிப்பார்கள், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் ஒரு முழம் இருக்கும். அந்தத் தூரத்திலிருந்து பார்ப்பதற்கென்றே செய்த ஸ்கோப் வேறு. அது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பஸ்கால் பின்னாலிருந்து வந்தார். கிடங்கில் அந்த வகையில் இரண்டு இருப்பதாகச் சொன்னார். ஒன்று இரண்டு மடங்கு, மாற்ற முடியாது. மற்றது வளையத்தைத் திருகினால் இரண்டரையிலிருந்து எட்டு மடங்கு வரை போகும். ஐயாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்:

"இது உன்ர வாடிக்கையாளர். எது பொருந்தும் எண்டு நீயே சொல்லு. சரியாச் சொன்னாயெண்டா வெள்ளிக்கிழமையே கைச்சாத்து வைக்கிறன். பெரிசைத் தலையில கட்டி, ஆள் திருப்பிக்கொண்டு வந்தால் எனக்கு நீ வேண்டாம்."

3. தண்ணீர்ப் போத்தல்

எட்டு மடங்கு வரை போகிற ஸ்கோப் இரண்டரைக்கும் இறங்கும். அப்படியானால் அதுதானே நல்லது? இரண்டு நாள் இதே யோசனை. பஸ்காலைக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார் என்று கேட்கவில்லை. சோதனைக் காலத்தில் எங்கள் பொடியள் எல்லாரும் செய்கிற பிழை இது. வாயைத் திறக்காமல் எல்லாம் தெரிந்தவன்போல நிற்பது.

கடைக்குள் இருபது மீட்டருக்கு மேல் தூரம் இல்லை. பன்றி நிற்கக்கூடிய தூரம் என்று எனக்கு ஐம்பது மீட்டராவது வேண்டும். வியாழக்கிழமை மத்தியான இடைவேளையில் இரண்டு ஸ்கோப்புகளையும் பைக்குள் போட்டுக்கொண்டு லா ஷப்பேல் பக்கம் நடந்தேன். கார் து நோர் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு மேலால் போகும் பாலத்தில் நின்றால் நீளமாகப் பார்க்கலாம். கீழே கம்பங்களில் எண் எழுதிய தகடுகள் இருக்கும்.

ரிவால்வர் பாரமானது, வெறும் ஸ்கோப்பைத் தூக்கிப் பார்த்தால் கை எப்படி ஆடும் என்று தெரியாது. அதற்காக ஒன்றரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் வாங்கி அதன் மேல் ஸ்கோப்பை டேப்பால் சுற்றிக் கட்டினேன். கம்பி வலைக்கு முன்னால் நின்று கையை நீட்டினேன்.

எட்டு மடங்கில் தகட்டைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. வயர், சுவர், வானம், மறுபடி வயர். கண்டுபிடித்தபோது எண் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் துள்ளிக்கொண்டே இருந்தது. தலையைக் கொஞ்சம் அசைத்தால் படமே கறுத்தது. என் கை நடுங்காத கை. எட்டு மடங்கில் எண் மட்டும் எட்டு மடங்கு பெருக்கவில்லை, கையின் ஆட்டமும் பெருத்தது.

இரண்டு மடங்கைக் கட்டித் தூக்கினேன். தூக்கிய உடனே தகடு அங்கே இருந்தது. சின்னதாக, ஆனால் அசையாமல். மூன்றுமுறை இறக்கித் தூக்கினேன். மூன்றுமுறையும் இருந்தது.

நான்காவது முறை தூக்கியபோது பின்னால் ஒருவர் மிக மெதுவாகச் சொன்னார்: "முசியே, கையில இருக்கிறதைக் கீழ வையுங்கோ."

பொலிஸ்காரர் மூன்று பேர். அந்தக் கணத்தில்தான் என்னை நானே வெளியிலிருந்து பார்த்தேன். கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒருவன், ரயில் நிலையத்தை நோக்கி, வேட்டை ஸ்கோப் கட்டிய ஒரு சாமானை நீட்டிக்கொண்டு நிற்கிறான். போத்தலைக் கீழே வைத்தேன். அது உருண்டு அவர்களுடைய காலடிக்கே போனது.

"இது என்ன?"

"தண்ணி."

"மேல இருக்கிறது?"

"பன்றிக்கு."

அவர்கள் சிரிக்கவில்லை. விசாவைப் பார்த்தார்கள். கடைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஸ்பீக்கரில் பஸ்காலின் குரல் கேட்டது: "ஓம், என்ர ஆள்தான். ரெண்டு ஸ்கோப்பும் என்ர கடையினது. வெளியில போனது எனக்குத் தெரியாது." பொய்யும் சொல்லவில்லை, என்னைக் கைவிடவும் இல்லை. பொலிஸ்காரர்கள் என்னை விட்டுவிட்டார்கள். அவர்களில் இளையவர் போத்தலை என்னிடம் தந்து, "அடுத்தமுறை காட்டுக்குப் போங்கோ," என்றார்.

4. வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை பஸ்கால் இரண்டு ஸ்கோப்பையும் என்னிடமிருந்து வாங்கி வைத்தார். வெள்ளிக்கிழமை காலை ஐயா வந்ததும், "முதல்ல உன்ர வாடிக்கையாளரைக் கவனி," என்று மட்டும் சொன்னார்.

நான் ஐயாவிடம் மூன்று கேள்வி கேட்டேன். கைத்துப்பாக்கி ஸ்கோப் விற்கிற யாரும் எத்தனை மடங்கு என்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்கவேண்டும்.

"பன்றி எவ்வளவு தூரத்தில நிக்கும் ஐயா?"

"மகன் போட்டோ அனுப்பியிருக்கான். அம்பது மீட்டர்கூட இருக்காது."

"விடியப்புறமோ, பகலோ?"

"லேசா வெளுக்கும்போது."

"கையை எதிலையாவது ஊண்டிப் பிடிப்பீங்களோ, நிண்டபடியோ?"

"பட்டாளத்துக்காரன் சாஞ்சுகிட்டா சுடுவான்?"

போத்தலில் கட்டிய எட்டு மடங்கு ஸ்கோப்பைக் கொடுத்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக்கடையின் பச்சைச் சிலுவையைப் பார்க்கச் சொன்னேன். நான் இரண்டரையில் வைத்துத்தான் கொடுத்தேன். அவர் வாங்கிய கையோடு வளையத்தைக் கடைசிவரை திருகினார். நான் எதிர்பார்த்தது அதைத்தான். எட்டு இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் இரண்டரையில் நிறுத்துவதில்லை. ஊன்றிப் பிடித்துத் தூரத்தில் சுடுகிறவனுக்கு அந்த வளையம் உதவும். நின்றபடி கிட்டத்தில் சுடுகிறவனை அது கெடுக்கும். விடியற்காலையில் எட்டு மடங்கு படம் இருண்டும் போகும்.

ஐயா தேடினார். போத்தல் ஆடியது. "எங்கப்பா சிலுவை? வீடுதான் வருது. யாரோ துணி காயப் போட்டிருக்கா."

இரண்டு மடங்கைக் கட்டிக் கொடுத்தேன். தூக்கினார். கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் சிலுவை கண்ணாடிக்குள்ளேயே இருந்தது.

"இருக்கு," என்றார். "ஆனா சின்னதா இருக்கேப்பா. மகன் சிரிக்கப் போறான்."

"சிரிச்சிட்டு அவரும் ஒருக்காத் தூக்கிப் பாக்கட்டும் ஐயா."

அவர் வாங்கினார். பஸ்கால் பெட்டியைத் தானே கட்டிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரியாத் தெரிவு செய்தாய். போத்தல் யோசனையும் நல்லம், நான் இனி அதைப் பாவிப்பன். கேட்டிருந்தால் நானே தந்திருப்பன், பின் முற்றத்தில அறுபது மீட்டர் இருக்கு. கேக்காமல் சாமான் வெளியில போற கடையில ஆயுதமும் இருக்கு, செல்வன். இண்டைக்கு ஸ்கோப். என்னால கைச்சாத்து வைக்க ஏலாது."

ஐயாவுக்குப் பிரெஞ்சு தாய்மொழி மாதிரி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் கூடவே நடக்கத் தொடங்கினார். ரயில் நிலையச் சுவர் முடியும் இடத்தில்தான் விசயத்தைச் சொன்னார்.

"எனக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் லா ஷப்பேல்ல இருக்கார். படிச்ச ஒப்திசியன். கவுண்டர்ல நிக்க ஆள் இல்லன்னு மூணு மாசமா என்கிட்டப் பொலம்புறார். உன்னை ஏன் அனுப்பினாங்கன்னும் சொல்லிடறேன். மறைச்சா நாளைக்கு அவருக்குத் தெரியவரும்."

"சொல்லுங்கோ ஐயா."

மருந்துக்கடை ஒன்றின் முன்னால் நின்று அவர் தொலைபேசி எடுத்தார். போத்தல் கதையைச் சொல்லும்போது மறுமுனையில் யாரோ நீண்ட நேரம் சிரிப்பது எனக்கே கேட்டது.

5. சனிக்கிழமை காலை

ஐயா சொன்ன கண்ணாடிக்காரர் ரவி அண்ணையின் கடை சின்னது. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "போத்தல் கொண்டு வரேல்லையோ?" என்றார். இரண்டு மாதம் சோதனைக் காலம், அதற்குப் பிறகு செதேஇ. ஒப்பந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினார். பிரிபெக்சருக்கு இந்தத் தாளையும் கொண்டு போகலாம் என்றார். நான் கைச்சாத்து வைத்தேன்.

முதலில் வந்தவர் மரக்கறிக் கடையில் வேலை செய்யும் சாந்தி அக்கா. வாசிப்புக் கண்ணாடி வேண்டும்.

"மூண்டரைப் பவர் தாங்கோ தம்பி."

"இப்ப என்ன போடுறீங்கள் அக்கா?"

"ஒண்டரை. கீறுப்பட்டுப் போச்சு. கூட எடுத்தா கனநாள் பாவிக்கலாம்தானே. பிள்ளையளுக்குச் சப்பாத்து எடுக்கிற மாதிரி."

"என்னத்தை வாசிக்கிறனீங்கள்?"

"பெட்டியள்ல ஒட்டியிருக்கிற துண்டு. மேல்தட்டில இருக்கும்."

"பெட்டி இருக்கிற இடத்துக்குக் கையை நீட்டிக் காட்டுங்கோ."

அவர் கையை முழுதாக நீட்டினார். மூன்றரையைப் போட்டால் அந்தத் தூரம் முழுவதும் கலங்கிவிடும். மூக்குக்குக் கிட்டப் பிடித்தால்தான் எழுத்துத் தெரியும். எங்கள் கடைக்குள் ட்யூப் விளக்கு வெளிச்சம், அவருடைய மரக்கறித் தட்டுகளோ தெருவோரம். இதை அவர் வேலை செய்கிற மாதிரி வெளிச்சத்தில், அந்தத் தூரத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். வாசலுக்கு வெளியே இரண்டு அடி போனால் போதும். மூன்றரையையும் ஒன்றரையையும் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் நின்றேன். திரும்பி வந்தேன்.

"அண்ணை, இந்த ரெண்டு கண்ணாடியையும் வெளியில கொண்டுபோய் அக்காவுக்குக் காட்டட்டோ?"

ரவி அண்ணை தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "வாசலுக்குத்தானே? இதுக்கும் கேக்கவேணுமோ?"

"ஓம் அண்ணை. கேக்கவேணும்."