க்ளட்ச் அக்காவின் சொந்த வண்டி

க்ளட்ச் அக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவளிடம் பழகியவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. "க்ளட்ச் அக்கா" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும், கூடவே இடது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தும்.

"க்ளட்ச்... க்ளட்ச்... அட, க்ளட்ச்சுன்னு கத்துறேன்ல, காதுல என்ன பஞ்சா?"

இந்தக் குரலைக் கேட்டுத்தான் அந்த ஊரில் பாதிப் பேர் வண்டி பழகினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் லைசென்ஸ் வாங்கியே தீருவேன் என்று வந்த பெண்கள், ஓய்வு பெற்ற பிறகு ஆசை வந்த கணக்கு வாத்தியார், ஏன், ஒரு நீதிபதிகூட உண்டு. அந்த நீதிபதியைப் பார்த்தே, "ஐயா, நீங்க தீர்ப்பு எழுதற மாதிரி யோசிச்சு யோசிச்சு கியர் மாத்தினா, பின்னால வர்றவன் மேல்முறையீட்டுக்குப் போயிடுவான்" என்று சொன்னவள் அவள்.

பள்ளிக் காரில் அவளுக்கு இடம் பக்கத்து இருக்கை. அவள் காலடியில் தனியாக ஒரு ப்ரேக், ஒரு க்ளட்ச். பழகுகிறவர் பதறினால் இவள் மிதிப்பாள். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, அந்தக் கால் அவளைக் கேட்காமலே வேலை செய்யும். பஸ்ஸில் போனால் முன் சீட்டின் அடிக்கம்பியை மிதிக்கும். வீட்டில் டிவியில் கார்கள் ஒன்றையொன்று துரத்தினால், சோபாவுக்கு முன்னால் கிடக்கும் மேஜையை மிதிக்கும். இரண்டு டீ கோப்பைகள் அப்படித்தான் உயிரை விட்டன.

ஊரையே ஓட்ட வைத்தவளுக்குச் சொந்தமாக ஒரு வண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக் காரையே வீட்டுக்கு எடுத்து வருவாள். கூரையில் பெரிய பலகை, பின்னால் சிவப்பு எழுத்து. பக்கத்து இருக்கையில் பெடல்கள் இருப்பதால் வீட்டு ஆட்கள் யாரும் அங்கே உட்காரக் கூடாது என்பது பள்ளியின் சட்டம். கணவரும் மகளும் பின் சீட்டோடு சரி. பலகையைச் சுமந்துகொண்டு ஊரார் முன்னால் தப்பாக ஓட்ட முடியுமா? மாதிரிப் பாடம் நடத்துவது போல ஊர்ந்து போவாள்.

ஆனால் சின்னதாக, தாழ்வாக, சுறுசுறுப்பாக ஒரு கார் எதிரே வந்துவிட்டால் போதும், பாடத்தின் நடுவிலேயே அவள் தலை திரும்பும். அது வளைவில் மறையும்வரை கண் அதன் பின்னாலேயே போகும்.

கண்ணாடிக்கடை வைத்திருக்கும் கணவருக்கு இது தெரியும். ஊர்க்காரர்களின் பார்வையைச் சோதிக்கிறவருக்கு மனைவியின் பார்வை தெரியாதா என்ன? ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாகக் கேட்டார். அவளும் மறைக்கவில்லை.

"யாருக்கும் பாடம் சொல்லாம, ஒரு வளைவையாவது எனக்காகத் திருப்பிப் பாக்கணும்ங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! அதைச் சொல்லும்போது அவள் குரல் ஏன் கம்மிப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் வேலைக்குப் போய் நிமிர்ந்த பிறகு, கணவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு என்று வேண்டாம், பள்ளிக்கு என்று வேண்டாம். உனக்கு. இனி ஒன்று வாங்குவதானால் வருஷங்கள் ஆகும், அதனால் பார்த்து எடு.

முதுகுவலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் மகள் மட்டும் எச்சரித்தாள். "அம்மா, ஸ்போர்ட்ஸ் வண்டின்னா கட்டை மாதிரி இருக்கும். அப்புறம் நீயே என்கிட்ட பேஷன்ட்டா வருவே."

"வந்தா வரிசையில நிக்க விடுவியா, உள்ள விடுவியா?"

"டோக்கன் வாங்கணும்."

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் கணவனும் மனைவியும் பழைய கார்கள் விற்கும் இடத்துக்குப் போனார்கள். தகரக் கூரைக்குக் கீழே மூன்று சின்ன கார்கள் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தன. மஞ்சள், சிவப்பு, நீலம். அவற்றுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த விற்பனையாளன் அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றான். நின்றவன், காரில் ஏறாமலேயே தோளுக்கு மேல் கையை விட்டு பெல்ட்டைத் தேடினான்.

"டேய், மூணாவது கியர்! நீயாடா?"

அவளிடம் பழகியபோது மூன்றாவது கியரை விட்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஊரைச் சுற்றியவன். சோதனையில் பலமுறை தோற்று, கடைசியில் அவள் காலில் விழாத குறையாக அழுது தேறியவன்.

"நல்லா இருக்கீங்களாக்கா? வாங்கக்கா. மூணையும் ஓட்டிக் காட்டச் சொல்றேன்... சேச்சே, காட்டறேன்."

கணவர் கூரைக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வண்டிப் பயணம் ஆகாது. பஸ் கிளம்பும் முன்பே வயிறு இறங்கச் சொல்லும். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மடித்த காகிதப் பை ஒன்று இருக்கும். "நீ முடிவு பண்ணிட்டு என்னைக் கூப்பிடு" என்று செய்தித்தாளைப் பிரித்தார்.

முதலில் மஞ்சள். சாலையில் இறங்கியதுமே தான் யார் என்று காட்டிவிட்டது. திருப்பினால் திரும்புகிறது, நேராக்கினால் நேராகிறது. ஆனால் பாலத்துக்கு முன்னால் இருந்த பள்ளங்களில் ஒன்றைக்கூட அது தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் அக்காவின் முதுகுக்கு அனுப்பியது.

"துடுக்குப் பிள்ளை. ரோட்டுல தீக்குச்சி கிடந்தாலும் கோள் சொல்லிடும். கண்ணாடி பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"பொய். பின்னால ஸ்கூட்டர் வருது."

அடுத்தது சிவப்பு. பார்க்க அப்படி ஒரு அழகு. தாழ்ந்த மூக்கு, வட்ட விளக்குகள், பின்னால் ஒரு பை வைக்க மட்டும் இடம். கிளப்பியதும் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இது பிள்ளை இல்லடா, புது மாப்பிள்ளை. எதுக்கெடுத்தாலும் கோபம்" என்றாள் அக்கா. ஆனாலும் இறங்கிய பிறகு அதன் கதவை ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.

கடைசியாக நீலம். மெத்தென்ற இருக்கை. அதே பள்ளங்களில் இறங்கியும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மூணாவது கியர் வழக்கம்போல் க்ளட்ச்சை வெடுக்கென்று விட்டான். கார் நிற்கவில்லை. ப்ரேக்கைத் தாமதமாக மிதித்தான். கார் பதறவில்லை. அக்காவின் கால் ஒரே ஒரு முறைதான் தரையை அழுத்தியது. அவள் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"தங்கமான வண்டிடா. என்ன தப்பு பண்ணினாலும் மன்னிச்சிடுது. இதையே முடிச்சிடலாம்."

"சரிக்கா!" என்றான் அவன். "மஞ்சளைப் பாக்க வேற ஒருத்தர் சாயந்தரம் வர்றார். அதை அவருக்குத் தள்ளிடறேன்."

தகரக் கூரைக்குத் திரும்பியதும் கணவரைக் கூப்பிட்டாள். "என்னங்க, வாங்க. முடிவாயிடுச்சு. இதுல உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. ஒரு சுத்து போயிட்டு வந்து கையெழுத்துப் போட்டுடலாம்."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்தார். அக்கா பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து ஏறப் போனாள். மூணாவது கியர் ஏற்கெனவே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நீ ஏன் அந்தப் பக்கம் ஏர்றே?" என்றார் கணவர்.

"எந்தப் பக்கம்?"

கேட்டுவிட்டு, தன் கை பிடித்திருந்த கதவைப் பார்த்தாள். உள்ளே இருந்தவன் தன் கை பிடித்திருந்த ஸ்டீயரிங்கைப் பார்த்தான்.

"மூணு வண்டியையும் இவர்தான் ஓட்டினாரா?"

"சார், அக்கா வந்து உக்காந்தாங்க. நானும் உக்காந்துட்டேன்" என்றான் அவன் பரிதாபமாக. "அப்புறம் கண்ணாடி பாருன்னாங்க, பாத்தேன். கிளப்புடான்னாங்க, கிளப்பிட்டேன். எனக்கு வேற எதுவும் தோணல சார்."

கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

"எங்க உக்காந்தா என்னங்க? பக்கத்துல இருந்தே எனக்கு வண்டியோட ஜாதகம் தெரியும். இது எந்தத் தப்பையும் மன்னிச்சிடும், தெரியுமா?"

"தப்பே பண்ணாதவளுக்கு எதுக்கு மன்னிக்கிற வண்டி?" என்றார் கணவர்.

அந்தக் கேள்வி எங்கேயோ போய்த் தைத்தது. ஊரில் உள்ள அத்தனை பேருடைய தவறுகளுக்கும் ஏற்ற வண்டியைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாளே! அவளுக்கு என்று எதை எடுத்தாள்? கண்கள் நிறைந்தன. தலையைக் குனிந்துகொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்.

"மறந்து போயிருந்தா?"

"என்ன மறந்து போயிருந்தா?"

"சந்தோஷமா ஓட்டறது."

கணவர் சுற்றிப் போய், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். மூணாவது கியர் சத்தமில்லாமல் இறங்கி ஒதுங்கினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில், காகிதப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அவர்.

தண்ணீர்த் தொட்டி இருக்கும் குன்றைச் சுற்றி ஒரு சாலை உண்டு. நீலக் காரை அதில் ஏற்றினாள். முதல் வளைவிலேயே அவள் புருவம் சுருங்கியது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால், கார் யாரிடமோ அனுமதி கேட்டுவிட்டு வந்து திரும்புகிறது. சக்கரம் எங்கே இருக்கிறது, தரை எப்படி இருக்கிறது என்று கைக்கு ஒரு சேதியும் வரவில்லை. இரண்டாவது வளைவில் கணவர், "நிறுத்து, நிறுத்து" என்றார். இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"மெத்தை மாதிரி இருக்கு, இதுல எப்படிங்க?"

"அதான் வினையே. தொட்டில்ல போட்டு ஆட்டுது. வண்டி ஒரு பக்கம் சாயுது, என் வயிறு பின்னாடியே தாமதமா சாயுது."

திரும்பி வந்து சிவப்பில் ஏற முயன்றார்கள். கணவர் ஏறிவிட்டார். இறங்கத்தான் முடியவில்லை. ஒரு கையை அக்காவும் இன்னொரு கையை மூணாவது கியரும் பிடித்து இழுத்தார்கள். "என்னை இதோட சேத்து வித்துடுங்கப்பா" என்று அவர் உள்ளிருந்தே குரல் கொடுத்தார். சிவப்பின் கதை அதோடு முடிந்தது.

பிறகு மஞ்சள்.

கிளம்பியதும் அக்கா வழக்கம்போல் வாய்விட்டே சொன்னாள். கண்ணாடி, சிக்னல், க்ளட்ச், முதல் கியர். பாலத்துப் பள்ளங்கள் வந்தன. இந்த முறை அவை முதுகைத் தாக்கவில்லை. கையில் ஸ்டீயரிங் இருக்கும்போது, பள்ளம் வருவதை உடம்பு முன்கூட்டியே அறிந்து தயாராகிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அடியாக விழுந்தது, ஓட்டுகிறவளுக்குச் சேதியாக வந்தது. இங்கே மணல், இங்கே ஈரம், இங்கே தார் புதுசு என்று கார் அவள் விரல்களிடம் பேசிக்கொண்டே வந்தது.

குன்றின் முதல் வளைவு. நினைத்தாள், கார் திரும்பிவிட்டது. சாயவில்லை, தயங்கவில்லை. அடுத்த வளைவுக்குக் கியரைக் குறைத்தாள். "க்ளட்ச்" என்று சொல்ல வாய் திறந்தவள், சொல்லாமலேயே மூடிக்கொண்டாள். அதற்கு மேல் பேச்சே இல்லை. வேகம் ஒன்றும் பெரிதில்லை, எதிரே வந்த மினி லாரிக்காரர் கை காட்டிச் சிரித்துவிட்டுப் போகும் அளவுதான். ஆனால் அவளுடைய கைகள் இரண்டும் அந்த வளைவுகளோடு ஒட்டிக்கொண்டு போயின.

உச்சியில் நிறுத்தியபோதுதான் கணவரின் நினைவு வந்தது. பதறித் திரும்பினாள். "ஐயோ, என்னங்க, குமட்டுதா?"

அவர் சாலையைப் பார்க்கவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை.

"இத்தனை வருஷமா பின் சீட்டுல உக்காந்து உன் கொண்டையைத்தான் பாத்திருக்கேன். நீ வண்டி ஓட்டறப்ப முகம் இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதே!"

"எப்படி இருக்கு?"

"பொண்ணு பாக்க வந்தப்ப இருந்ததை விட நல்லா இருக்கு."

"சும்மா இருங்க" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் அந்தச் சொல் உடைந்து போனது.

இறங்கி வந்தபோது, கூரைக்குக் கீழே ஒரு நடுத்தர வயதுக்காரரும் அவருடைய மகளும் நின்றிருந்தார்கள். மூணாவது கியர் கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, மஞ்சளைக் கேட்டு வந்திருக்காங்க. சாவி..."

அக்கா சாவியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "தர மாட்டேன்."

அந்தத் தந்தையின் முகம் வாடிவிட்டது. அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "ஓட்டத் தெரியுமாம்மா?"

"இனிமேதான் ஆன்ட்டி பழகணும்."

"அப்ப உனக்கு இந்த மஞ்சள் வேண்டாம், ரொம்ப வாயாடி. அந்த நீலத்தை எடு. நீ என்ன தப்பு பண்ணினாலும் மூச்சு விடாது. திங்கட்கிழமை காலையில வா, நானே சொல்லித் தர்றேன்."

மூணாவது கியர் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரே மாலையில் இரண்டு கார்கள் விற்றான்.

கையெழுத்துகள் முடிந்து மஞ்சள் கார் வீதிக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. செய்தி போய்ச் சேர்ந்து, மகள் வாசல் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கார் தெருமுனையில் திரும்பியது. வந்தது. அவளைத் தாண்டிப் போனது. பக்கத்து இருக்கையில் அப்பா கையை ஆட்டிக்கொண்டே போனார்.

சற்றுப் பொறுத்து மறுபடி தெருமுனையில் திரும்பியது. வந்தது. மறுபடியும் தாண்டியது.

"அம்மா! வீடு இங்க இருக்கு!" என்று கத்தினாள் மகள்.

கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. ஜன்னல் வழியாக அப்பாவின் தலை எட்டிப் பார்த்தது.

"நான்தான் போகச் சொன்னேன். நீ சாப்பிட்டுட்டுத் தூங்கு!"