மெழுகு வாசம் வந்த பை

செஞ்சியில் உரக்கிடங்கு நடத்தும் செல்வராணி, தன் மக்குக் குழியில் விழும் எதையும் சோதிக்காமல் நம்பியதில்லை. மேல்சித்தாமூர் விவசாயிகள் அவளிடம் உரம் வாங்குவதே அதற்காகத்தான். நிலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கண்டால் அவர்கள் மறுபடி வரமாட்டார்கள்.

தேர்த் திருவிழாவில் சோறு கட்டிக் கொடுத்த பைகளை, தேவாலயத்தில் மணியடித்து பீடம் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையான அவள் பெரியப்பா யாகப்பன் சைக்கிளில் மூட்டையாகக் கொண்டுவந்தார்.

"மக்கும் பைன்னு அச்சடிச்சிருக்குது பாரும்மா."

"அச்சடிக்கிறவனுக்கு இன்னா பெரியப்பா, மை இருந்தா போதும்."

உண்மையான மக்கும் பையின் மூலக்கூறுகள் நீரை வெளியேற்றி இணைந்தவை. ஈரமும் நுண்ணுயிரும் சேர்ந்தால் அந்த இணைப்பு அறுந்துவிடும். பாலித்தீனோ கரியணுக்கள் நேரடியாகக் கைகோத்த நெடுஞ்சங்கிலி. அதை மண் எளிதில் அறுக்காது. முன்னது நீரில் மூழ்கும், பின்னது மிதக்கும். செல்வராணி அந்தப் பைகளில் ஒன்றிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தி விட்டாள். மூழ்கியது.

"இப்பவாச்சும் நம்புறியா?"

அவள் நம்பவில்லை. சுண்ணாம்புத்தூள் கலந்தால் பாலித்தீனும் மூழ்கும். இன்னொரு துண்டைக் கொளுத்தி, ஊதி அணைத்து, அவர் மூக்கருகே நீட்டினாள். முப்பது வருடமாகப் பீடத்து மெழுகுவத்திகளை அணைத்து வருபவர் அவர்.

"பூசை முடிஞ்ச வாசம்," என்றார் மெதுவாக.

"மெழுகும் பாலித்தீனும் ஒரே சங்கிலிதான் பெரியப்பா. இது ரொம்ப நீளம், அவ்ளோதான்."

"இப்ப இத எங்க கொண்டு போறது?"

"பிளாஸ்டிக் வண்டி வியாழக்கிழமை வரும். அதுவரைக்கும் உங்க வூட்லயே இருக்கட்டும்."

மூட்டையோடு அவர் சைக்கிள் கடைவீதிப் பக்கம் திரும்பி மறையும்வரை செல்வராணி குழியருகிலிருந்து நகரவில்லை.