லெஃப்ட் அவுட்டா, ரைட் அவுட்டா?

எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் ஆண்கள் கரையேற்றிவைத்த வள்ளங்களில் சாய்ந்துகொண்டு ஃபுட்பால் பேசத் தொடங்கினால் மதியச் சோறு ஆறிப்போகும். இனயத்தை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து பக்கத்து டவுன் கல்லூரி டீமுக்கு ஆள் போகாத வருடமே கிடையாது. எங்கள் ஆட்களுக்கென்றே வாய்த்த இடம் ‘அவுட்’. மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டி ஓடுகிறவன் அவுட். இடப்பக்கம் ஓடினால் லெஃப்ட் அவுட், வலப்பக்கம் என்றால் ரைட் அவுட். மணலில் ஓடிப் பழகிய கால்களுக்குப் புல்தரை கிடைத்தால் கேட்கவா வேண்டும்! அதனால் கல்லூரி டீமின் வரலாற்றிலேயே பெரிய அவுட் யார் என்பதுதான் வருடம் முழுக்க ஓயாத பேச்சு.

எனக்கு ஒன்பது வயதானபோது அந்தப் பேச்சுக்குத் திடீரென்று மவுசு கூடியது. திருவிழா ஃபைனலில் பந்தைத் தட்டித் தொடங்கிவைக்க வழக்கமாக வெளியிலிருந்து யாராவது பெரிய மனிதரை அழைப்பார்கள். அவரும் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசிவிட்டுப் போவார். இந்த முறை ஊர்க்காரன் ஒருவனே தட்டட்டும், பெரிய அவுட் யாரென்று நீங்களே முடிவுசெய்யுங்கள் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். பேசிப் பேசி இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் லெஃப்ட் அவுட்டாக ஆடிய என் அப்பா. மற்றவர் கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்திருந்த ரைட் அவுட், அம்மாவின் அண்ணனான என் மாமா. இருவரும் ஒரே சமயத்தில் ஒரே டீமில் ஆடியவர்கள்.

அப்பாதான் தட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. வகுப்பில் முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டேன். அந்தோணியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். ஃபுட்பாலில் அவருக்கு என்ன பிடிபாடு என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. நீ யார் பக்கம் என்று அம்மாவிடம் கேட்டால், காது கேளாதவள் மாதிரி மீன் கழுவிக்கொண்டிருப்பாள்.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு. நானும் அப்பாவோடு வள்ளத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காலத்தில் அந்த டீமுக்குக் கோலியாக நின்ற பெரியவர் அப்பாவைக் கைகாட்டிப் பேச்சை முடித்துவைக்கப் பார்த்தார்.

“அண்ணைக்குக் காலேஜ் ஃபைனல்ல கோலு அடிச்சது யாரு? இவன். பின்ன என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு?”

எல்லோரும் தலையாட்டினார்கள். “மச்சானே தட்டட்டும், அதுதான் கொள்ளாம்” என்று மாமாவும் சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது அப்பா எழுந்து மாமாவின் தோளில் கைவைத்தார்.

“அண்ணைக்கு எதிர்க் கோலி விழுந்து கெடக்கான். போஸ்ட்டு தொறந்து கெடக்கு. பந்து இவனுக்க காலுல. கண்ண மூடிட்டுத் தட்டியிருந்தாலும் கோலு. இவன் நிமிந்து என்னப் பாத்தான், பந்த எனக்குத் தந்தான். நான் சும்ம கால வச்சேன், அம்புட்டுதான். பெரிய அவுட்டு இவன்தான்.”

“அதெல்லாம் இப்ப எதுக்கு மச்சான்” என்று மாமா மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

அப்பா அங்கே சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அது எனக்குத் தெரியவந்தபோது என் கல்யாணப் பேச்சே நடந்துகொண்டிருந்தது. அந்த ஃபைனலைப் பார்க்க ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்திருந்தார்கள். தங்கள் டீமுக்கு ஒரே ஒரு அவுட் எடுத்து, அவனுக்கு வேலையும் கொடுக்கப்போகிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். வேலையில்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று அம்மாவின் வீட்டார் அப்பாவிடம் பிடிவாதமாக நின்ற சமயமும் அதுதான். மாமா பந்தைத் தள்ளிவிட்டார். அப்பாவுக்கு வேலையும் கிடைத்தது, அம்மாவும் கிடைத்தாள். மாமா அடுத்த வருடமே கல்ஃபுக்குப் போனார். அதன்பிறகு அவருக்கு லீவில்தான் ஊர்.

திருவிழாவன்று மாமா பேண்ட்டை மடித்துவிட்டு, வெறுங்காலோடு பந்தைத் தட்டினார். கல்ஃப் தொப்பை இடைஞ்சல் செய்ததோ என்னவோ, பந்து கொஞ்சம் உருண்டு மணலில் நின்றுவிட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவர் அப்பா. இந்த மனிதருக்கு வெட்கமே இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தால், அடுக்களையில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். அப்பா தோற்றதற்கு அழ என்னைத் தவிர இன்னொருத்தியும் இருக்கிறாளே என்று மனசுக்கு ஆறுதலாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“சாரமில்லம்மா, அடுத்த வருசம் அப்பா தட்டுவாவ.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏட்டி, எனக்க அண்ணன் அண்ணைக்கு அந்தப் பந்தத் தட்டியிருந்தா, நீ ஏது, இந்த வீடு ஏது?”

யாரோ ஒரு பந்தைத் தட்டினால் நான் எப்படி இல்லாமல் போவேன் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவும் அண்ணன் கட்சிதான் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. திருவிழாச் சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன்.