மச்சான் மாட்டிய ஹார்ட் டிஸ்க்

சொந்தக்காரரிடம் வாங்கும் பொருளுக்கு எங்கள் பக்கத்தில் பில் கேட்க மாட்டோம். கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். அப்புறம் அடுத்த விசேஷத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அதிலும் அக்காவைக் கட்டியவரிடம் எவனாவது பில் கேட்பானா? நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நாகல் நகரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறேன். மச்சானுக்குக் கடைகளிலும் மில்களிலும் கண்காணிப்பு கேமரா மாட்டும் வேலை. கம்ப்யூட்டரும் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுப்பார். என் பழைய கம்ப்யூட்டர் தள்ளாடியபோது அவர்தான் புதிதாக ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பார்த்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முதல் சுவிட்சை என் அக்காவைப் போடச் சொன்னார். அன்று எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது.

அதுவரை எந்தக் கல்யாணத்தையும் இரண்டு இடத்தில் காப்பி போட்டு வைப்பது என் வழக்கம். அதைப் பார்த்து மச்சான் சிரித்தார்.

"நான் மாட்டுன புது டிஸ்க்கு மாப்ளே. இதுக்கு எதுக்கு ரெண்டு காப்பி?"

வெட்கமாகப் போய்விட்டது. அதோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். முகூர்த்த மாதத்தில் இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர் என்று ஓடுவோம். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் இறக்கியதும் கேமரா கார்டுகளை அழித்து மறுநாளைக்குத் தயாராக்கிவிடுவோம்.

அப்படி இறக்கியதில் ஒன்று சேவுகம்பட்டிக் கல்யாணம். பெண்ணின் அப்பா பூ விவசாயி, வாட்டசாட்டமான ஆள். மகளைத் தாரை வார்க்கும்போது அந்த மனிதர் மண்டபமே பார்க்கக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்று லைட் பிடிக்கும் ஆள் வராததால் மச்சான்தான் எனக்காக லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் கலங்கியதை நான் பார்த்தேன்.

மூன்றே வாரத்தில் அந்த அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்து மகள் என் அறைக்கு வந்தாள். போட்டோ ஆல்பம் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. அவளுக்கு வேண்டியது அவர் அசைவது.

"மத்ததெல்லாம் மெதுவாத் தாங்கண்ணே. எங்கப்பா அழுததை மட்டும் மொதல்ல போட்டுக் குடுங்க."

இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். அன்று மதியமே அந்தக் கல்யாணத்தைத் திறந்தேன். மாலை மாற்றுவது ஓடியது, சீர்வரிசை ஓடியது. தாரை வார்க்கும் இடத்துக்கு வந்ததும் திரை அப்படியே நின்றது. மவுஸ் நகரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். பிறகு நீலத் திரை வந்து தானாக அணைந்தது. மறுபடி போட்டால் அதே இடம், அதே சத்தம்.

மச்சானைக் கூப்பிட்டேன். உடனே வந்தார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கரண்ட் ஏறி இறங்குகிறது என்றார், யூபிஎஸ் மாற்றினோம். ரேம் அழுக்கு என்றார். அதை உருவி ரப்பர் வைத்துத் தேய்த்தோம். வெயில் என்றார், பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்து எதிரே டேபிள் ஃபேன் ஓட விட்டேன். ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்கலாமா என்று நான் கேட்டபோதெல்லாம் பேச்சு வேறு பக்கம் போயிற்று. நாலாவது தடவை வந்தவர், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார். சேவுகம்பட்டிக் கல்யாணம் உள்ளே இருக்கிறதே என்றேன்.

"போனா போகுது மாப்ளே. ஆல்பந்தான் குடுத்துட்டோம்ல?"

அன்று லைட் பிடித்துக்கொண்டு கண் கலங்கிய மனிதரின் வாயா இப்படிச் சொல்கிறது என்று இருந்தது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் ஒரு இலவச மென்பொருளை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் 'மோசம்' என்று காட்டியது. அதற்குக் கீழே, இந்த டிஸ்க் இதுவரை ஓடிய நேரம் நாற்பத்தோராயிரம் மணி. எட்டு மாதத்துக்கு முன் வந்த பொருள். வகுத்துப் பார்த்தேன். இரவு பகல் நிற்காமல் நாலரை வருடத்துக்கு மேல் ஓடியிருந்தால்தான் அந்தக் கணக்கு வரும். எனக்குத் தெரிந்து அப்படி நிற்காமல் ஓடுவது மச்சான் மாட்டும் கண்காணிப்பு கேமராவின் டிஸ்க் மட்டும்தான்.

கவிழ்த்து மாட்டியிருந்த அதைக் கழற்றித் திருப்பினேன். ஸ்டிக்கரில் தேதி இருந்த இடம் மட்டும் சுத்தமாகச் சுரண்டப்பட்டிருந்தது. ஏமாற்றியதுகூட அப்புறம். நாலு தடவை வந்து என்னோடு தரையில் உட்கார்ந்து, தெரிந்துகொண்டே ரப்பர் வைத்துத் தேய்த்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் அவர் அழிக்கச் சொன்னதும், அத்தோடு நான் டிஸ்க்கைச் சோதிக்கும் பேச்சை விட்டுவிடுவேன் என்றுதான்.

அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா சமையல்கட்டில் இருந்தாள். கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, எட்டு மாதம் ஓடியதுதானே, புதுசும்தான் சாகிறது என்றார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டி, "அவகிட்ட சொல்லிராத" என்றார். அக்கா வெளியே வந்து, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் என்ன என்றுகூட நினைவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டேன். வெட்கங்கெட்ட சாப்பாடு.

பிறகு இரவல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கை இரண்டாவதாகச் செருகி, திறக்காத கோப்புகளைத் தாண்டித் தாண்டி மூன்று நாள் காப்பி எடுத்தேன். கல்யாணம் முக்கால்வாசி வந்தது. தாரை வார்த்ததில் நாலே விநாடி. அதில் தண்ணீர் ஊற்றும் அந்த அப்பாவின் கைகள் மட்டும் இருந்தன, முகம் இல்லை.

மகள் வந்தாள். அந்த நாலு விநாடியை ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தாள். மோதிரத்தைப் பார்த்து அப்பா கைதான் என்றாள். எப்படிப் போயிற்று என்று கேட்டபோது பாதி உண்மையைச் சொன்னேன்: பழைய டிஸ்க்கைப் புதுசென்று சொல்லி ஒரு கடைக்காரன் என் தலையில் கட்டிவிட்டான்.

அவள் சத்தம் போடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"வயிறெரிஞ்சு சொல்றேன். அவன் குடும்பம் வெளங்காதுண்ணே."

அத்தனை நாளும் மனசுக்குள் நானும் அவரை அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். குடும்பம் என்று அவள் சொன்னதும் அக்காவும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் கண்முன்னால் வந்து நின்றார்கள். அப்படிச் சொல்லாதேம்மா என்று என்னை அறியாமல் வாயைவிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவன் ஒங்களுக்கு யாருண்ணே?"

யாருமில்லை என்றேன்.