நாளைக்கு வேலை உண்டா?

மளிகைக் கடையில் புது வருடத்துக் காலண்டர் கொடுத்தார்கள். சுருளைப் பிரித்ததும் மை வாசம் குப்பென்று வந்தது. அச்சாபீசில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு புத்தி உண்டு. முன்பக்கத்துச் சாமி படத்தைப் பார்க்க மாட்டான். நேரே பின்பக்கத்துப் பொடி எழுத்துக்குப் போவான். தப்பெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். நானும் திருப்பினேன். பல்லி விழும் பலன் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

“என்ன சார், மேல விழுந்துருச்சா?” என்றார் கடைக்காரர்.

விழுந்தது பல்லி இல்லை, ஜெயராஜ் அண்ணாச்சி. விருதுநகரில் ஸ்டேஷன் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர். ஹால் டிக்கெட் எடுக்க, பாஸ்போர்ட்டுக்கு எழுத, ரயிலுக்கு முன்பதிவு செய்ய என்று வாரமெல்லாம் ஊரார் வேலையைப் பார்த்துவிட்டு, மீதி நேரத்தில் தனக்கென்று ஒரு வெப் பேஜ் செய்து வைத்திருந்தார். திரையில் ஒரு மனித உருவம் நிற்கும். தோளைத் தொட்டால் தோளில் ஒரு பல்லி ‘தொப்’பென்று விழும். பலன் எழுத்தில் வரும். கூடவே பல்லிச் சத்தமும் வரும். அந்தச் சத்தம் அண்ணாச்சி தன் நாக்கைத் தட்டித் தானே பதிவு செய்தது. யாருக்காகச் செய்தார், எதற்காகச் செய்தார் என்று கேட்கக் கூடாது. அந்தக் காலத்தில் நாங்கள் மூன்று பேரும் அப்படித்தான் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்டருக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கூடுவோம். அண்ணாச்சி அதற்குச் சந்தை என்று பெயர் வைத்திருந்தார். அவரவர் செய்ததைக் கடைவிரிக்க வேண்டும். ஒரே ஒரு சட்டம்தான். செய்தவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார வேண்டும், வாயே திறக்கக் கூடாது. மற்றவர் மவுஸைப் பிடித்துத் தடுமாறுவார். ‘அங்கன இல்லை, இங்கன அமுக்குங்க’ என்று சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு டீ வாங்கி வர வேண்டியது அவர்தான். எனக்குப் பிறவியிலேயே நாக்கு நீளம். பெரும்பாலும் நான்தான் தூக்குவாளியோடு போவேன்.

நான் அப்போது சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்சில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கிளி, மயில், குதிரையில் வரும் ராஜா, ரோஜாப்பூ வைத்திருக்கும் பாப்பா. சீசன் முடிந்ததும் இதெல்லாம் குப்பைக்குத்தான் போகும். எனக்கு மனசு கேட்காமல் பழைய லேபிள்களை எல்லாம் சேர்த்து, அவற்றுக்கென்று ஒரு தளம் கட்டிக்கொண்டிருந்தேன். எழுத்துரு தேர்ந்தெடுக்கவே ஒரு மழைக்காலம் போனது. எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். முன்பின் தெரியாத ஒரு ஆள், நான் கேட்காமலே, அதைத் திறந்து பார்க்க வேண்டும். அம்மாவோ அண்ணாச்சியோ பார்த்தால் கணக்கில் சேராது.

சந்தையில் மூன்றாவது ஆள் மாரீஸ்வரி. அச்சங்குளத்துப் பிள்ளை. அப்பா, அம்மா இரண்டு பேரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவள் காலேஜ் முடித்துவிட்டு எங்கள் பிரஸ்சிலேயே டைப் செய்ய வந்தாள். வெப் பேஜ் செய்வது எப்படி என்று முதலில் கேட்டது என்னிடம்தான். சொல்லிக் கொடுத்தவனும் நான்தான், வயிறு எரிந்தவனும் நான்தான். பிறகு யாரை நொந்துகொள்வது?

என் லேபிள் தளத்தை நான் கடைவிரித்த அன்று அண்ணாச்சி கம்ப்யூட்டரை அவள் தொடவில்லை. “நான் என் போன்ல பாக்குறேண்ணே” என்றாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அச்சு மிஷினுக்குப் போகிற அதே பைலை நான் அப்படியே ஏற்றி வைத்திருந்தேன். சுவரொட்டி அளவுக்கு அடித்தாலும் பிசிறு தட்டாத பைல். பிரஸ்காரன் புத்தி வேறு எப்படி வேலை செய்யும்? போனில் அது மாட்டுவண்டி கணக்காக வந்தது. அச்சுக்கான நாலு கலர் வேறு திரையில் பேயாட்டம் ஆடியது. கிளி விஷப்பச்சையில் இருந்தது.

“அண்ணே, இப்பத்தான் மூக்கு வந்துருக்கு” என்றாள் மாரி. “நான் பஸ் ஏறி ஊருக்குப் போறதுக்குள்ள வாலு வந்துருமா?”

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். சட்டப்படி நான் வாயைத் திறக்கக் கூடாது. வாயைத்தானே மூட முடியும், முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது?

அடுத்தடுத்த வாரங்களில் அவள் தன்னுடையதைக் கொண்டு வந்தாள். பட்டாசு வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெயில் இருந்தால்தான் மருந்து காயும். மழை இறங்கிவிட்டால் வேலை இல்லை. சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் வேலை இல்லை. ஆனால் இதை வீட்டில் இருக்கிற பெண்களுக்கு யார் சொல்வது? விடியுமுன் எழுந்து சோறாக்கி, தூக்கு வாளியில் போட்டுக்கொண்டு, ரோட்டோரம் வேனுக்காக நிற்பார்கள். வேன் வராது. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்புவார்கள். மாரி செய்தது ஒரே ஒரு பக்கம். மேலே ‘நாளைக்கு வேலை உண்டா?’ என்று எழுதியிருக்கும். கீழே கம்பெனிகளின் பெயர்கள். எதிரே உண்டு, அல்லது இல்லை. அவ்வளவுதான். கம்பெனிக்குள் போன் கொண்டு போகக் கூடாது என்பதால் ஃபோர்மேன்கள் சாயங்காலம் வாசலில் போனைத் திரும்ப வாங்கியதும் ஒரு தட்டு தட்டிவிடுவார்கள். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. சிக்னல் ஒரு கோடு இருந்தால்கூட ஓடுகிற வேனுக்குள் திறந்துவிடும்.

மவுஸ் என் கையில். எங்கேயாவது சிக்குமா என்று பார்த்தேன். சிக்கவில்லை. ஆனால் கண்றாவியாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். ‘உண்டு’ ஒரு அளவு, ‘இல்லை’ ஒரு அளவு. இடப்பக்க மார்ஜின் கோணல். தலைப்பு மயில்கழுத்து நிறத்தில்! “நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் டிசைன் பாக்கணும்” என்றேன். பொறாமைக்காரன் வாயில் முதலில் வருவது டிசைன்தான்.

வேன் டிரைவர்கள்தான் அதைப் பரப்பினார்கள். ஒரு சீசனுக்குள் சாத்தூர்ப் பக்கம் அத்தனை ஊரிலும் அது ‘மாரி பேஜ்’ ஆகிவிட்டது. பஸ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மா, முந்தானையில் போனைத் துடைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். நான் ஆசைப்பட்டதேதான், அப்படியே, அச்சு அசலாக, ஆனால் அவளுக்கு! ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. என் அம்மாவும் அப்போது பட்டாசுக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டப் போய்க்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து குரல் வரும்: “ஏலே, மளை கூடி நிக்கி. அந்தப் பிள்ள பேஜைப் பாத்துச் சொல்லு, நாளைக்கு உண்டா இல்லையான்னு.”

“நானும் ஒண்ணு செஞ்சிருக்கேன்ல? அதை ஒரு நாளாவது பாத்தியா?”

“கிளிப் படந்தான? அதான் கம்பெனில கட்டுக் கட்டாக் கெடக்கே.”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் ‘உண்டு’ என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் நீயாக ஏதாவது செய்திருக்கிறாயா என்று கேட்டார்களாம். போனை எடுத்து இந்தப் பக்கத்தைக் காட்டினாளாம். நானும் ஒரு நேர்முகத்தில் கிளியைக் காட்டியிருந்தேன். மூக்கு வருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து, “அண்ணே, பேஜை நீங்கதான் பாத்துக்கிடணும். அண்ணாச்சிகிட்டக் குடுத்தா பல்லியக் கொண்டாந்து விட்டுருவாக” என்றாள். முடியாது என்று சொன்னால் பொறாமை என்று பளிச்சென்று தெரிந்துவிடும். அந்தப் பயத்திலேயே சரி என்றேன்.

ஆக, எதைக் கண்டு வயிறெரிந்தேனோ அதற்கே காவல்காரன் ஆனேன். தினம் சாயங்காலம் எந்த ஃபோர்மேன் தட்டவில்லை என்று பார்த்து, “அண்ணே, நாளைக்கு என்ன நெலவரம்?” என்று அவருக்குப் போன் போடுவேன். அவர்களும் “மாரி பேஜா? இந்தா போட்டுட்டேன் தம்பி” என்பார்கள். கல்யாணமான பிறகும், சம்சாரம் ஊரிலிருந்தாலும் இல்லாவிட்டாலும், காய்ச்சலே என்றாலும், இந்த வேலை நிற்காது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் மார்ஜினை நேராக்கி, தலைப்பின் மயில்கழுத்தை மாற்றி, இரண்டு சொல்லையும் ஒரே அளவாக்கினேன். என் கைபட்டது என்று ஒரு சின்னச் சந்தோஷம். மறுநாள் அம்மா போனை நீட்டினாள்.

“என்னலே இது, ஒரு மாதிரி வெளுத்துப் போய்க் கெடக்கு? உண்டு எது இல்லை எதுன்னே தட்டுப்படல. அந்தப் பிள்ளகிட்டச் சொல்லு.”

“அந்தப் பிள்ள எங்கம்மா இருக்கு? நான்தான பாத்துக்கிட்டு இருக்கேன்!”

“அப்பம் நீதான் கெடுத்தியா?”

திரும்பப் பழையபடியே கோணலாக வைத்தேன். யாராவது டிரைவர் “இந்தப் பேஜு மட்டும் இல்லைன்னா எம்புட்டுப் பேரு ரோட்டுல நின்னுருப்பாக” என்று என்னிடமே சொல்வார். பெருமையாக இருக்குமே என்று நினைக்கிறீர்களா? என் போனில் என் காதில் விழுகிற பாராட்டும் அவளுக்குத்தானே போகிறது என்று அதற்கும் எரியும். என் மாதிரி ஒரு ஜென்மத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் ஃபோர்மேன்களிடம் வாட்ஸ்அப் வந்தது. ஆளாளுக்கு ஒரு குரூப். குரலிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். நான் போன் போட்டால், “குரூப்புல சொல்லிட்டேனே தம்பி, இன்னும் அதுல வேற போடணுமா?” என்றார்கள். ஐப்பசி மழை ஊற்றிய ஒரு சாயங்காலம் பக்கத்தைத் திறந்தேன். ஒரு கம்பெனிக்கு எதிரேகூட ஒன்றும் இல்லை. யாராவது திட்டுவார்கள் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை. அம்மா அடுப்படியில்தான் இருந்தாள்.

“நாளைக்கு வேலை உண்டாம்மா?” என்று நான் கேட்டேன்.

“இல்லையாம்லே. குரூப்புல சொல்லிட்டாக.”

மாரிக்குப் போன் செய்தேன். எத்தனையோ நாள் செய்யாத போன். எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அழுதாலும் அழுவாள், ஆறுதல் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன். உங்களிடம் மறைப்பானேன், அதில் ஒரு சிறு தித்திப்பும் இருந்தது. “மாரி, உன் பேஜு நின்னு போச்சும்மா” என்றேன்.

“எந்தப் பேஜுண்ணே?”

சொன்னேன்.

“அதா! அது இன்னுமா ஓடிக்கிட்டு இருந்துச்சு? நான் வந்த வருசமே நின்னுருக்கும்னு நெனச்சேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டாள்: “இத்தனை நாளும் நீங்களா பாத்துக்கிட்டு இருந்தீக? எதுக்குண்ணே?”

அவளே மறந்துபோன ஒன்றை நினைத்து நான் இத்தனை வருஷம் வெந்திருக்கிறேன். இப்போ என்ன செய்துகொண்டிருக்கிறாய், உனக்கென்று, சும்மா, என்று கேட்டேன். “ஆபீஸ் முடிஞ்சு வந்தா கம்ப்யூட்டரைத் திறக்கவே பிடிக்கலண்ணே” என்றாள். ஏதாவது இருக்கும், ஒளிக்கிறாள் என்று துருவித் துருவிக் கேட்டேன். ஒன்றும் இல்லை. பொறாமைப்பட ஒரு பொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் போனை வைத்துவிட்டாள்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அண்ணாச்சி மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். பல்லி எங்கே போனதென்று தெரியவில்லை. என் கிளித் தளத்தையும் நான் ஒரு வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டேன், அதோடு அதுவும் போயிற்று. இப்போது பிரஸ்சில் கூட வேலை பார்க்கிற பையன்கள் தாங்கள் செய்ததைப் போனில் அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். திறந்து பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, நான் செய்ததைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. சூப்பர் என்று எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்காருகிறேன். முன்பென்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.